பொலேரோ பிக்கப் பின் ஆக்சில்ல ஊளைச் சத்தம்: கிரவுன் பினியன் மாத்தவா, பழைய ஆக்சில் முழுசா போடவா, ரேஷியோ கூட்டவா?

#1 பூம்பாறை பிக்கப்

எல்லாருக்கும் வணக்கம். வண்டி பொலேரோ பிக்கப், செகண்ட் ஹேண்டா வாங்குனது, ரெண்டரை லட்சம் கிலோமீட்டர் தாண்டியாச்சு. மன்னவனூர், பூம்பாறை பக்கம் பூண்டு, கேரட், உருளை ஏத்திட்டு பழநி ரோடு வழியா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இறங்குவேன், திரும்பி வரும்போது உரமோ சிமெண்டோ ஏதாவது இருக்கும், அதனால ஏத்தத்துலயும் வண்டி காலியா இருக்காது.

கொஞ்ச நாளா 50-60 வேகத்துல ஆக்சிலேட்டர் மிதிச்சா பின்னாடி ஊய்ய்ய்னு ஒரு சத்தம், கால எடுத்தா நின்னுடுது. செகண்ட்ல கிளட்ச் விடும்போது அடியில டொக்குனு ஒரு அடி வேற. ஒரு பட்டறையில கிரவுன் பினியன் (பின் ஆக்சிலுக்குள்ள சக்கரத்துக்கு இழுவைய திருப்பி விடுற பெரிய-சின்ன பல்சக்கர ஜோடி) மட்டும் மாத்துனா போதும்னாங்க, இன்னொருத்தர் சென்னை புதுப்பேட்டையில பழைய ஆக்சில் முழுசா எடுத்துப் போட்டா ஒரே நாள்ல முடிஞ்சுடும்ங்கறாரு. கூட ஓட்டுற பையன் ஒருத்தன், கழட்டுறதே கழட்டுறீங்க ரேஷியோ (சக்கரம் ஒரு சுத்துக்கு பினியன் எத்தன சுத்துங்கற கணக்கு) கூட்டிப் போடுங்கண்ணே மலையில இழுவை கிடைக்கும்னு சொல்றான். மூணுல எதுன்னு தெரியல, அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

#2 டீசல் தம்பி

அண்ணே மொதல்ல ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்ல (கியர்பாக்ஸ்ல இருந்து பின் ஆக்சிலுக்குப் போற தண்டு) இருக்குற சென்டர் பேரிங், ஜாயின்ட் கிராஸ் ரெண்டும் பாத்துட்டீங்களா? டொக்குனு அடி பாதி வண்டில கிராஸ்தான். டயர் சப்பட்டையா தேஞ்சிருந்தாலும் ஊளை மாதிரியே கேக்கும்.

#3 நாமக்கல் ஆக்சில்

தம்பி சொல்றது சரிங்க, திறக்கறதுக்கு முன்னாடி சத்தம் எங்கிருந்து வருதுன்னு முடிவு பண்ணணும், இல்லாட்டி நல்லா இருக்கற கிரவுனக் கழட்டிப்போட்டு உக்காந்திருப்போம். நான் ஆக்சில் வேலை மட்டும் ரொம்ப வருசமா பாக்கறேன், எங்கிட்ட கிரவுன் போச்சுன்னு வர்ற வண்டில கணிசமானது வேற கோளாறுதான்.

பாக்கற விதம் சொல்றேன். ஆக்சிலேட்டர் மிதிச்சா மட்டும் ஊளை, விட்டா நிக்குதுன்னா பல்லோட இழுவைப் பக்கம் தேஞ்சிருக்கு, இல்ல பினியன் பேரிங் லூசாகி பினியன் நகருது. விடும்போது மட்டும் சத்தம்னா பல்லோட மறு பக்கம், அப்பவும் பினியன் பேரிங்க சந்தேகப்படணும். மிதிச்சாலும் விட்டாலும் ஒரே மாதிரி கரகரன்னு வேகத்தோட ஏறுதுன்னா கிரவுன் பக்கத்து சைடு பேரிங் இல்ல வீல் பேரிங். நேரா போறப்ப ஒண்ணுமில்ல, வளைவுல மட்டும் கடகடங்குதுன்னா உள்ள இருக்கற ஸ்டார் கியரு, அதாவது வளைவுல ரெண்டு சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடற சின்ன பல்சக்கரம். நியூட்ரல்ல போட்டு உருட்டும்போதும் டயர் சத்தம் மாறாம இருக்கும், கிரவுன் சத்தம் கண்டிப்பா மாறும், ரோட்டுல அதையும் ஒரு தடவ பாத்துக்கங்க.

அடுத்தது, வண்டிய சமதரையில நிறுத்தி, முன் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, பின்னாடி ஜாக்கிய மட்டும் நம்பாம ஸ்டாண்டு குடுத்துத் தூக்குங்க. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்ட கழட்டிட்டு பினியன் ஃபிளேஞ்ச (ஷாஃப்ட் வந்து மாட்டற தட்டு) கையில பிடிச்சு மேல கீழ, உள்ள வெளிய ஆட்டிப் பாருங்க. சுத்தற திசையில லேசா ஆட்டம் இருக்கலாம், அது பல்லுக்கு நடுவுல விட வேண்டிய இடைவெளி. மேல கீழயோ உள்ள வெளியவோ துளி ஆடுனாலும் பேரிங் முடிஞ்சுதுன்னு அர்த்தம்ங்க. கடைசியா ஆயில வெள்ளைத் தட்டுல வடிச்சு வெயில்ல பாருங்க. காந்தத்துல பசை மாதிரி கருப்பா மெல்லிசா ஒட்டியிருந்தா அது சாதாரணத் தேய்மானம், செதில் செதிலா கைல குத்துற மாதிரி வந்தா பல்லோ பேரிங்கோ உதிருது.

#4 பூம்பாறை பிக்கப்

அண்ணே ரொம்ப நன்றி, நீங்க சொன்ன மாதிரியே பாத்தாச்சு. சென்டர் பேரிங் நல்லா இருக்கு, ஜாயின்ட் கிராஸ் ஒண்ணு லேசா லூசு, மாத்திட்டோம், டொக்குங்கறது கொஞ்சம் குறைஞ்சுது ஆனா ஊளை அப்படியே இருக்கு. பினியன் ஃபிளேஞ்ச் உள்ள வெளிய நல்லாவே ஆடுது. ஆயில் அளவே குறைவா இருந்துச்சு, வந்ததும் கருகருன்னு, தட்டுல மினுமினுன்னு துகள், காந்தத்துல செதில். இன்னொண்ணு, ஹவுசிங் மேல இருக்குற காத்துப் போக்கி மண்ணு ஏறி அடைஞ்சே கிடக்கு, எடது பக்க டிரம்முக்குள்ள ஆயில் கசிஞ்சு லைனிங் ஈரமா இருக்கு.

#5 கோவை லேத்

டிரம்முல ஆயிலா? கிரவுன விடுங்க, மொதல்ல அதப் பாருங்க. பழநி ரோட்டுல பூண்டு மூட்டையோட இறங்குற வண்டி, ஒரு பக்கம் பிரேக் பிடிக்காம வழுக்கினா கொண்டை ஊசி வளைவுல என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. ஆயில் குடிச்ச லைனிங்க பெட்ரோல்ல கழுவி, மண்ணுல தேய்ச்சு திரும்பப் போடுற பழக்கம் நம்ம பக்கம் நிறைய இருக்கு, தயவுசெஞ்சு அது வேண்டாம், ஆயில் உள்ளயே ஊறியிருக்கும், சூடேறுனா மறுபடி மேல கக்கும். ரெண்டு பக்கமும் புது ஷூ போடுங்க, ஒரு பக்கம் மட்டும் போட்டா பிரேக் அடிக்கும்போது வண்டி ஒதுங்கும்.

காரணம் அந்தக் காத்துப் போக்கிதான். ஓடும்போது உள்ள சூடாகி காத்து விரியும், போக வழி இல்லன்னா சீல் வழியா ஆயில வெளிய தள்ளும். ஆயில் குறைஞ்சு, அந்தக் குறைஞ்ச ஆயில்ல லோடு இழுத்து, பினியன் பேரிங் போய், பேரிங் போனதால பினியன் நகந்து பல்லு தேஞ்சு, இப்ப ஊளை. எல்லாம் ஒரு சின்ன மூடி சுத்தம் பண்ணாததால வந்தது, முன்னாடி வச்சிருந்தவங்க யாரும் அதைப் பாக்கல போல.

#6 பழைய சாமான்

என் கருத்து, முழு ஆக்சில் எடுத்துடுங்க. விபத்துல முன்னாடி அடிபட்டு வந்த வண்டியோட பின் ஆக்சில் நல்லாவே இருக்கும், கம்பெனியில செட் பண்ணதை யாரும் திறந்திருக்க மாட்டாங்க. புதுப்பேட்டைன்னு இல்ல, கோவை உக்கடத்துலயும் தேடலாம். புது கிரவுன் பினியன் வாங்கி, பேரிங் எல்லாம் வாங்கி, செட் பண்ணத் தெரியாத ஆள் கைல குடுத்தா அது மூணு மாசத்துல திரும்ப ஊளையிடும், அதுக்கு இது மேல். செலவும் குறையும், வண்டி நிக்கிற நாளும் குறையும், லோடு ஓட்டுறவங்களுக்கு நிக்கிற நாள்தானே பெரிய நஷ்டம்.

#7 நாமக்கல் ஆக்சில்

பழைய சாமான் அண்ணன் சொல்றதுல நியாயம் இருக்குங்க, மறுக்கல. திறக்காத ஆக்சில் கிடைச்சா நல்லதுதான். ஆனா வாங்கும்போது இதெல்லாம் பாத்தே வாங்கணும்.

பின்னாடி கவர் இருந்தா, கடைக்காரர் முகம் சுளிச்சாலும் பரவால்ல, கழட்டச் சொல்லிப் பல்லப் பாருங்க. பல்லு முகம் கண்ணாடியாட்டம் வழவழன்னு இருக்கணும், புள்ளி புள்ளியா குழி விழுந்திருந்தாலோ நீலம் பாரிச்சிருந்தாலோ வேண்டாம். நீலம்னா சூடேறி பதம் போச்சுன்னு அர்த்தம். ஹவுசிங் வளைஞ்சிருக்கான்னு பாக்கணும், பக்கவாட்டுல அடிபட்ட வண்டியோட ஆக்சில் பாக்க நேரா இருக்கும், போட்டா டயர் ஒரு பக்கமா தின்னும். அப்புறம் ரேஷியோ ஒண்ணா இருக்கணும், ஒரே மாடல் பேர்லயே வருசத்துக்கு வருசம், டன்னுக்கு டன் ரேஷியோ மாறும்ங்க, பேரப் பாத்து வாங்காதீங்க.

ரேஷியோ கண்டுபிடிக்க பல்லு எண்ணுனா துல்லியம், கிரவுன் பல்ல பினியன் பல்லால வகுக்கணும், 41-ம் 10-ம்னா 4.1, 43-ம் 10-ம்னா 4.3, 39-ம் 8-ம்னா 4.875. திறக்க முடியலன்னா ஒரு பக்க சக்கரம் சுத்தாம பிடிச்சுக்கிட்டு இன்னொரு பக்கத்த சரியா ரெண்டு சுத்து சுத்துங்க, ஃபிளேஞ்ச் எத்தன சுத்து சுத்துதோ அதான் ரேஷியோ. ஒரு பக்கம் நிக்கறப்ப ஸ்டார் கியரு பாதியா வகுக்கறதால ரெண்டு சுத்து.

ஆக்சில் எடுக்கறீங்களோ கிரவுன் போடறீங்களோ, ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, கிரவுனையும் பினியனையும் பிரிச்சு மாத்தவே கூடாது. ரெண்டையும் ஃபேக்டரில ஜோடியா ஓடவிட்டு ஒண்ணோட ஒண்ணு உராய வச்சுத்தான் தயார் பண்றாங்க, ரெண்டுலயும் ஒரே ஜோடி நம்பர் பொறிச்சிருப்பாங்க. பினியன் மட்டும் தேஞ்சிருக்கு கிரவுன் நல்லாத்தான் இருக்குன்னு யாராவது சொன்னா அந்தப் பட்டறையில இருந்து வண்டிய எடுத்துட்டுக் கிளம்பிடுங்க.

#8 வன்னி ஹைலக்ஸ்

வணக்கம் அண்ணையாக்கள், நான் கிளிநொச்சி. என்னட்ட இருக்கிறது ஹைலக்ஸ், நெல் ஏத்துறது, வயல் பாதைதான் கூட. எங்கட வாகனத்தில அமைப்பு வேற, பின் டிஃபரன்ஷலை (கிரவுன் பினியன் இருக்கிற குண்டு) முன்பக்கத்தால முழுசாக் கழட்டி எடுக்கலாம். ரெண்டு பக்க ஆக்சிலையும் வெளிய இழுத்துப்போட்டு, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டை விலத்தி, சுத்திவர இருக்கிற நட்டுகளைக் கழட்டினா அந்தக் குண்டு அப்பிடியே இறங்கும், நல்ல பாரம், ரெண்டு பேர் வேணும். அதை மேசையில வச்சு வடிவா வெளிச்சத்தில செட் பண்ணலாம், இல்லாட்டி செட் பண்ணின குண்டு ஒண்டை வாங்கி மாத்திப்போட்டு அண்டைக்கே ஓடலாம். பின்னால கவர் போட்ட ஆக்சில் எண்டா எல்லா வேலையும் வாகனத்துக்குக் கீழ படுத்துக்கொண்டுதான் செய்யவேணும், அல்லது முழு ஆக்சிலையும் இறக்கவேணும். உங்கட வாகனத்தில எது எண்டு முதல் பாருங்கோ, செலவு அதிலதான் தங்கியிருக்கு.

மற்றது, ஃபோர் வீல் வாகனம் வச்சிருக்கிற ஆக்களுக்கு: பின் ரேஷியோவை மாத்தினா முன் ரேஷியோவையும் அதே அளவுக்கு மாத்தவேணும். இல்லாட்டி ஃபோர் வீலைப் போட்டவுடன முன்னும் பின்னும் ஒண்டோட ஒண்டு இழுபட்டு ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கிற பெட்டி) உடையும்.

#9 டீசல் தம்பி

ரேஷியோ கூட்டுறத பத்தி யாரும் இன்னும் சொல்லலையே. என் ஃபிரெண்டு வண்டில கூட்டிப் போட்டான், ஏத்தத்துல செகண்ட்ல போற எடத்துல தேர்டுல போறான்.

#10 கோவை லேத்

போவாரு, அது உண்மைதான். ஆனா இறங்குன பிறகு ஒட்டன்சத்திரம் ரோட்டுல என்ன ஆகுதுன்னும் கணக்குப் போடுங்க தம்பி. 215/75 ஆர்15 டயர் ஒரு சுத்துக்கு கிட்டத்தட்ட 2.2 மீட்டர் போகும். மணிக்கு 60-ன்னா நிமிசத்துக்கு ஒரு கிலோமீட்டர், சக்கரம் சுமார் 450 சுத்து. டாப்புக்கு முந்தின நேர் கியர்ல, அதாவது கியர்பாக்ஸ் ஒண்ணுக்கு ஒண்ணு போற கியர்ல, 4.1 ரேஷியோவுக்கு என்ஜின் 1,850 சுத்தும். 4.875 போட்டா 2,200. அதே வேகத்துக்கு நிமிசத்துக்கு 350 சுத்து கூட, நாள் முழுக்க. டீசல் குடிக்கும், சத்தம் கூடும், டாப் ஸ்பீடு குறையும். ஸ்பீடோமீட்டருக்கு கியர்பாக்ஸ்ல இருந்து எடுக்குற வண்டின்னா 60-ல போறப்ப 71-ன்னு காட்டும், ஓடோமீட்டரும் அதே கணக்குல கூட ஓடும்.

பெரிய டயர் போட்டவங்க இழந்த இழுவைய திரும்ப எடுக்க ரேஷியோ கூட்டுறாங்க, அதுல அர்த்தம் இருக்கு. கம்பெனி டயர் சைஸ்லயே ஓடுற வண்டிக்கு, மலையில இழுவை பத்தலன்னா, ஏத்துற எடையப் பாருங்க. ஆர்சில போட்ட எடைக்கு மேல ஏத்திட்டு ரேஷியோ கூட்டுனா அந்த எடை முழுக்க அதே ஹவுசிங், அதே ஆக்சில், அதே பிரேக் மேலதான் உக்காருது. இன்னொண்ணு, பினியன்ல பல்லு குறையக் குறைய பினியன் தலையும் சின்னதாகும், அதனால ரேஷியோ கூட்டுன செட்டு பல்லு பலத்துல கம்பெனி செட்ட விட மேல்னு நினைக்க வேண்டாம்.

சட்டமும் இருக்கு, மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல 52-வது பிரிவு தயாரிப்பாளர் குடுத்த விவரத்துக்கு மாறா வண்டியில மாத்தம் பண்ணக்கூடாதுங்குது. வாடகைக்கு ஓடுற வண்டி, எஃப்சிக்கு நிக்கிற வண்டி, இன்சூரன்ஸ்ல ஓடுற வண்டி, இதுல விளையாடாதீங்க.

#11 மஸ்கட் மணல்

நான் ஓமன்ல ஒரு கட்டுமானக் கம்பெனியில வண்டிகளப் பாத்துக்குறேன், ஊரு தூத்துக்குடி. லாக்கர் (ரெண்டு பக்க சக்கரத்தையும் ஒண்ணா சுத்துற மாதிரி பூட்டுறது) போடலாமான்னு அடுத்து யாராவது கேப்பாங்க, அதனால முன்னாடியே சொல்லிடுறேன். சாதா டிஃபரன்ஷியல்ல ஒரு சக்கரம் வழுக்குனா மறு சக்கரத்துக்கும் அந்த அளவு இழுவைதான் போகும், மணல்ல, வாதியில (காஞ்ச ஆத்துப் படுகை) மாட்டுறது அதனாலதான். ஈட்டனோட மெக்கானிக்கல் லாக்கர், மஹிந்திரா தார் ஜீப்புலயும் பொலேரோ நியோ மேல் மாடல்லயும் வருதே அதே வகை, ரெண்டு சக்கரத்துக்கும் சுமார் 100 ஆர்பிஎம் வித்தியாசம் வந்தா தானா பூட்டிக்கும், மணிக்கு 30 கிலோமீட்டர் சுமாருக்கு மேல பூட்டாது. ஏஆர்பி ஏர் லாக்கர்னா டிரைவர் சுவிட்ச் போட்டாத்தான் பூட்டும்.

இதெல்லாம் மண்ணுல, சேத்துல வேலை செய்யுறவங்களுக்கு. தார் ரோட்டுல லோடு இழுக்குற பூம்பாறை அண்ணனுக்கு லாக்கர் ஒரு பைசாவுக்கும் உதவாது, அந்தக் காசுக்கு நல்ல பேரிங்கும் சீலும் போடலாம். கிளட்ச் வச்ச எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வழுக்குறத குறைக்குற டிஃபரன்ஷியல்) யாராவது பழசுல வாங்கிப் போட்டா அதுக்குத் தனி ஆயில் சேர்க்கை ஊத்தணும், இல்லன்னா வளைவுல தடதடன்னு அதிரும், அதையும் கிரவுன் கோளாறுன்னு நினைச்சு கழட்டுவாங்க.

#12 பூம்பாறை பிக்கப்

லாக்கர், ரேஷியோ ரெண்டையும் விட்டுட்டேன். உக்கடத்துல ஒரு ஆக்சில் பாத்தேன், பல்லுல குழி, வேண்டாம்னு வந்துட்டேன். புது கிரவுன் பினியன் ஜோடியே போட்டுடலாம்னு முடிவு. நாமக்கல் அண்ணே, பட்டறைக்காரர் கிட்ட நான் என்னென்ன கேட்டு நிக்கணும், அதை மட்டும் விவரமா எழுதிடுங்க. நான் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்குறேன்.

#13 நாமக்கல் ஆக்சில்

நல்ல முடிவுங்க. எழுதறேன், நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

கிரவுன் பினியன் ஜோடி, பினியன் பேரிங் ரெண்டு, சைடு பேரிங் ரெண்டு, பினியன் சீல், ரெண்டு பக்க ஆக்சில் சீல், பினியன் நட்டு, பினியன்ல ரெண்டு பேரிங்குக்கு நடுவுல வர்ற நசுங்கற ஸ்லீவ், கிரவுன் போல்ட்டு, இது எல்லாமே புதுசு. பேரிங்ல போலி நிறைய ஓடுது, பில்லோட டீலர் கிட்டயே வாங்குங்க. பினியன் ஃபிளேஞ்ச்ல சீல் உக்கார்ற எடத்துல விரல் நகத்துல தடவிப் பாருங்க, பள்ளம் தட்டுனா புது சீல் போட்டும் கசியும், ஃபிளேஞ்சயும் மாத்திடுங்க. ஹவுசிங் உள்ள டீசல் ஊத்தி, டியூப் ரெண்டு பக்கமும் துணி விட்டு சுத்தமா எடுக்கணும், பழைய செதில் ஒண்ணு மாட்டுனாலும் புது பேரிங் போச்சு.

அடுத்து பினியன் ஆழம். பினியன் தலைப்பக்க பேரிங் கிட்ட வர்ற சிம்முதான் (அளவு பாத்து வைக்கற மெல்லிசு வளையத் தகடு) பினியன் கிரவுனுக்குள்ள எவ்வளவு போகுதுன்னு முடிவு பண்ணும். பழைய சிம்மையே கண்ண மூடிப் போடுவாங்க, அத ஆரம்ப அளவா எடுத்துக்கலாம், முடிவு அதில்ல. பல்லுல சாயம் தடவி சுத்திப் பாத்துத்தான் முடிவு. தடம் பல்லோட நடுவுல விழணும். மேல் விளிம்புல விழுந்தா பினியன் வெளிய நிக்குது, தடிச்ச சிம் வேணும், அடிவேர்ல விழுந்தா ரொம்ப உள்ள போயிருக்கு, சிம் குறைக்கணும். இழுவைப் பக்கம், மறு பக்கம் ரெண்டையும் பாக்கணும். சாயம் தடவாம கிரவுன் செட் பண்றேன்னு சொல்ற ஆளுகிட்ட வேலை குடுக்காதீங்க, எவ்வளவு பேர் வாங்குனவரா இருந்தாலும் சரி.

மூணாவது, இதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க, பினியன் நட்டு. அந்த ஸ்லீவ் நசுங்கி பேரிங்குக்கு ஒரு இறுக்கம் வரணும், சரியான இறுக்கம் வந்ததும் நிறுத்தணும். அளக்க ஸ்பிரிங் தராசு போதும், ஃபிளேஞ்ச்ல நூல் சுத்தி இழுத்து, சுத்திக்கிட்டு இருக்கும்போது காட்டற கிலோவ நூல் சுத்துன எடத்தோட ஆரத்தால பெருக்கணும். புது பேரிங்குக்கு இந்த அளவு ஆக்சில்ல பொதுவா 17-ல இருந்து 35 கிலோ சென்டிமீட்டர், உங்க வண்டி மேனுவல் என்ன போட்டிருக்கோ அதான் கணக்கு. கிரவுன் மாட்டறதுக்கு முன்னாடி பினியன் மட்டும் இருக்கறப்ப அளக்கணும். இறுக்கம் தாண்டிப் போச்சுன்னா நட்ட லூஸ் பண்ணிட்டு விடக்கூடாது, ஸ்லீவ் ஒரு தடவ நசுங்குனா நசுங்குனதுதான், புது ஸ்லீவ் போட்டு மொதல்ல இருந்து. இம்பாக்ட் கன்ன வச்சு டர்ர்னு இறுக்கறவங்கள அந்த எடத்துலயே நிறுத்துங்க.

பேக்லாஷ், அதாவது பல்லு இடைவெளி, டயல் கேஜ் வச்சு கிரவுன் பல்லு மேல பாக்கணும், புது செட்டுக்குப் பொதுவா 0.15-ல இருந்து 0.25 மில்லிமீட்டர். ஒரே எடத்துல பாக்காம கிரவுன சுத்தி நாலு எடத்துல பாருங்க, அளவு ரொம்ப மாறுனா கிரவுன் சமமா உக்காரல, அடியில பிசிறோ தூசியோ இருக்கு. கிரவுன் போல்ட்ட எதிர் எதிரா டார்க் ரெஞ்சுல இறுக்கி, திரெட்லாக் போடணும்.

ஆயில் ஜிஎல்-5 (கியர் ஆயில்ல ஒரு தரம்) தான் கேட்டு வாங்கணும். பினியன் கிரவுனோட நடு மட்டத்துக்குக் கீழ உக்கார்ற அமைப்பு இது, பல்லு உருளறது மட்டுமில்ல, உரசி வழுக்கவும் செய்யுது, அந்த உரசல ஜிஎல்-4 தாங்காது. கியர்பாக்ஸுக்கு என்ன கிரேடுன்னு மேனுவல பாத்து அதத் தனியா வாங்குங்க, ஜிஎல்-5 சில கியர்பாக்ஸ்ல பித்தளை ரிங்குக்கு ஆகாது. 90 ஆயில்னு மட்டும் கேட்டா கடையில எதையாவது குடுப்பாங்க.

#14 பழைய சாமான்

இவ்வளவு பொறுமையா செய்யுற பட்டறை கிடைச்சா புதுசே போடுங்க, நான் சொன்னது கிடைக்காதவங்களுக்கு.

#15 பூம்பாறை பிக்கப்

வேலை முடிஞ்சது. திண்டுக்கல்ல ஒரு வயசான மிஸ்திரி, நான் தராசு பத்தி வாயத் திறக்குறதுக்கு முன்னாடியே அவரே பெட்டியில இருந்து எடுத்தாரு. மொதல் தடவ தடம் மேல விளிம்புல விழுந்துச்சு, சிம் மாத்தி மறுபடி கோத்தாரு, அப்புறம் நடுவுல வந்துச்சு. பிரேக் ஷூ ரெண்டு பக்கமும் புதுசு, காத்துப் போக்கியும் புதுசு. ஊளை சுத்தமா இல்ல. ஒரு சந்தேகம், மொத ஓட்டத்துல இருபது கிலோமீட்டர் போயிட்டு ஹவுசிங்கத் தொட்டுப் பாத்தா நல்ல சூடு, இது சரியா?

#16 நாமக்கல் ஆக்சில்

புது செட்டு சூடாகத்தான் செய்யும்ங்க. கை வச்சு கொஞ்ச நேரம் தாங்க முடிஞ்சா பயமில்ல. தொட்டதும் கைய இழுக்கற அளவுக்குச் சூடுன்னாலோ, பினியன் சீல் பக்கம் கருகுன வாடை வந்தாலோ உடனே நிறுத்துங்க, பினியன் இறுக்கம் அதிகமா இருக்கும், மிஸ்திரிகிட்டயே திருப்பிக் கொண்டு போங்க.

இருபது முப்பது கிலோமீட்டர் காலியா மெதுவா ஓட்டி முழுசா ஆற விடுங்க, திரும்ப ஓட்டி ஆற விடுங்க, ரெண்டு மூணு தடவ. அதுக்கப்புறமும் மொத 800 கிலோமீட்டருக்கு முழு லோடு ஏத்தாதீங்க, முக்கியமா மலை ஏத்தத்துல. 800-ல ஆயில் வடிச்சுட்டுப் புதுசு ஊத்துங்க, மொத ஆயில்ல புது பல்லோட துகள் கண்டிப்பா இருக்கும். வடிக்கறப்ப காந்தத்த ஒரு ஃபோட்டோ எடுத்து இங்க போடுங்க, பாத்து சொல்றேன்.

#17 பூம்பாறை பிக்கப்

சூடு நீங்க சொன்ன அளவுதான் அண்ணே, கை தாங்குது. பூண்டு சீசன் ஆரம்பிக்குறதுக்குள்ள 800 முடிச்சுடுவேன், அதுவரைக்கும் காலி கிரேட் மட்டும் ஏத்துறேன். ஆயில் மாத்துன அன்னைக்கு ஃபோட்டோ போடுறேன். ஆயில் மட்டம் எதுவரைக்கும் ஊத்தணும்?

#18 கோவை லேத்

வண்டி சமதரையில நிக்கணும், ஊத்துற துளையோட கீழ் விளிம்புல வந்து லேசா வழியுற வரைக்கும். பின்னாடி மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கிட்டு ஊத்தாதீங்க, மட்டம் தப்பாயிடும்.